ஊருக்குக் காட்டும் முன் வீட்டில் சோதிப்போம்: பழைய லேப்டாப்பில் ஒரு லினக்ஸ் சோதனைத் தளம்

 

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்தில் வந்த ஒரு ரமலான். சமயநல்லூரில் நம் மஹல்லாவுக்கென ஓர் இணையதளம் தொடங்கியிருந்தோம். ஸஹர் முடிவு, இஃப்தார் நேரம், ஜும்ஆ அறிவிப்பு, மதரஸா சேர்க்கை என்று நான்கைந்து பக்கங்கள்தான். ஒரு நாள் மஃரிப் பாங்கு சொல்லி முடித்த சிறிது நேரத்தில் கைபேசி ஒலித்தது. வயதான தாயார் ஒருவர் பேசினார்.

"ஹஜ்ரத், நெட்டுல நீங்க போட்ட நேரத்தைப் பாத்துத்தான் நோன்பு தொறந்தேன். கஞ்சி குடிச்சு முடிச்ச பெறகுதான் பாங்கு சத்தம் கேட்டுச்சு. என் நோன்பு கூடிருச்சா?"

சூரியன் மறையும் முன்பே திறந்துவிட்டதால் அந்த ஒரு நோன்பை ரமலானுக்குப் பிறகு களாச் செய்துவிடுங்கள் அம்மா என்று சொன்னோம். "சரி ஹஜ்ரத், வச்சிர்றேன்" என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் தவறு முழுக்க நம்முடையது. நேரம் காட்டும் இலவசச் செருகுநிரலை நேராகத் தளத்தில் ஏற்றியிருந்தோம். அதன் அமைப்பில் ஊர் 'சென்னை' என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

சென்னை ஏறக்குறைய 80.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் மதுரை 78.1 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால், மார்ச், செப்டம்பர் மாதங்களில் மதுரையில் சூரியன் சென்னையைவிட 8 அல்லது 9 நிமிடம் தாமதமாக மறையும். டிசம்பரில் இந்த இடைவெளி 14 நிமிடம் வரை கூடும், ஜூனில் 3 நிமிடமாகக் குறையும். சென்னை நேரப்படி இங்கே ஸஹரை முடித்தால் பாதகமில்லை, சற்று முன்னதாக முடித்ததாகும். இஃப்தாரை அப்படித் திறந்தால் நோன்பே போய்விடும்.

வெளியிடும் முன் வீட்டுக் கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்கான வழிதான் உள்ளூர் லினக்ஸ் சோதனைத் தளம். அன்று முதல் எதையும் முதலில் அங்கே ஏற்றிப் பார்த்த பிறகே வெளியிடுகிறோம். ஜமாஅத், மதரஸா, பைத்துல்மால் தளங்களைக் கவனிக்கும் இளைஞர்களுக்கும், பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அந்த அனுபவத்தை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

சோதனைத் தளம் என்றால் என்ன?

நாம் உலாவியில் ஒரு முகவரியை அடிக்கும்போது, எங்கோ உள்ள ஒரு கணினி அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்புகிறது. அந்தக் கணினியையும் அதில் ஓடும் மென்பொருளையும் சர்வர் என்கிறோம். அதற்குப் பெரிய கட்டடமோ குளிரூட்டிய அறையோ கட்டாயமில்லை. 1991-இல் உலகின் முதல் இணையதளம்கூட, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய மேசைக் கணினியில்தான் ஓடியது.

அதே வேலையை நம் வீட்டு லேப்டாப்பும் செய்யும். சர்வரும் அதுவே, பார்ப்பவரும் அதுவே. உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ 127.0.0.1 என்றோ அடித்தால், கணினி தன்னிடமே பக்கத்தைக் கேட்டுத் தானே காட்டும். இணைய இணைப்பு தேவையில்லை. மாதக் கட்டணம் இல்லை. பிழை வந்தாலும் ஊர் பார்க்காது.

விண்டோஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் நாம் வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவை. விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டும் வேறு. 'மஸ்ஜித்' என்ற படத்தின் பெயரைப் பெரிய 'எம்' போட்டுச் சேமித்துவிட்டு, பக்கத்தில் சிறிய 'எம்' போட்டு எழுதினால் விண்டோஸில் படம் தெரியும். உண்மையான சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். எங்கே ஓடப்போகிறதோ அதே சூழலில் சோதிப்பதே நல்லது.

எந்தக் கணினி?

புதிதாக வாங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் பெற்ற லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பலர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

பழைய பாஸ் பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. எனவே புதிய டெபியனையோ லினக்ஸ் மின்டையோ நிறுவிக்கொள்வது நல்லது. 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். 2 ஜிபி மட்டும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அந்த லேப்டாப்பில் உள்ள குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்களை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். நிறுவும்போது வட்டை அழித்துவிட்டால் அவை திரும்ப வராது.

லினக்ஸ் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். லேப்டாப்பை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தினால் பென்டிரைவிலிருந்து தொடங்கும். விசை மாடலுக்கு ஏற்ப மாறும். டெபியன் நிறுவும்போது 'ரூட்' கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால், நீங்கள் உருவாக்கும் பயனருக்கே நிர்வாக அனுமதி கிடைத்துவிடும். புதியவர்களுக்கு இதுவே எளிது.

மூன்று மென்பொருள்கள்

லினக்ஸுக்கு மேல் மூன்று வேண்டும். ஒன்று அப்பாச்சி. பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் சர்வர் மென்பொருள், 1995 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவது மரியாடிபி. பெயர், தேதி, அறிவிப்பு போன்ற தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளம், மைசீக்வலிலிருந்து 2009-இல் பிரிந்து வந்தது. மூன்றாவது பிஎச்பி. தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுத்துப் பக்கமாகக் கட்டும் மொழி. வேர்ட்பிரஸ் இந்த மூன்றின் மேல்தான் இயங்குகிறது.

டெர்மினலைத் திறந்து பின்வரும் கட்டளைகளைக் கொடுங்கள். இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. சுடோ ஆப்ட் அப்டேட்
2. சுடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2 மரியாடிபி-சர்வர் பிஎச்பி பிஎச்பி-மைசீக்வல் பிஎச்பி-எம்பிஸ்ட்ரிங்

முதல் கட்டளை, கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியலைப் புதுப்பிக்கிறது. இரண்டாவது கட்டளை எல்லாவற்றையும் இறக்கி நிறுவுகிறது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் இணையம் வேண்டும். முடிந்ததும் உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடியுங்கள். அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்தால் சர்வர் தயார், அல்ஹம்துலில்லாஹ்.

முதல் பக்கம்

தளத்தின் கோப்புகள் 'வார்' என்ற கோப்புறைக்குள் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ', அதற்குள் 'எச்டிஎம்எல்' என்ற இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் நிர்வாகிக்கு உரியது என்பதால் நீங்கள் எழுத முயன்றால் அனுமதி இல்லை என்று சொல்லும். இங்கே பலர் அவசரப்பட்டு, யாரும் எழுதலாம் என்ற பொருள்படும் 777 என்ற அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். சோதனையில் பழகும் கெட்ட பழக்கம் நேரலைத் தளத்துக்கும் வந்து சேரும். அதற்குப் பதிலாக 'சௌன்' கட்டளையால் அந்தக் கோப்புறையை உங்கள் பயனர் பெயருக்கு உரிமையாக்குங்கள். அது போதும்.

சோதனைத் தளத்துக்குப் பெயர் வைக்க விரும்பினால், முகவரியின் கடைசியில் 'டாட் டெஸ்ட்' என்று வையுங்கள். சோதனைக்காகவே 1999-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அது, உலக இணையத்தில் யாருக்கும் தரப்படாது. 'இடிசி' கோப்புறையில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் 127.0.0.1 என்ற எண்ணுக்கு நேராக அந்தப் பெயரை ஒரு வரியில் எழுதினால் போதும். உண்மைத் தளத்தின் பெயரையே இங்கே வைக்காதீர்கள். எது சோதனை, எது உண்மை என்று ஒரு நாள் குழம்பி, தவறான இடத்தில் திருத்திவிடுவீர்கள்.

தமிழும் அரபியும் சரியாகத் தெரிகிறதா?

நம் தளங்களில் அதிகம் உடைவது எழுத்துத்தான். அச்சகத்தில் வாங்கிய நோட்டீஸ் கோப்பு பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிடுங்கள். தரவுத்தளம் உருவாக்கும்போது 'யூடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'தொழுகை' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினி அதை ஆறு குறியீடுகளாக, 18 பைட்டுகளில் சேமிக்கிறது. செய்தித் தலைப்பை முதல் 50 பைட்டோடு வெட்டும்படி எழுதப்பட்ட நிரல், தமிழ் எழுத்தை நடுவில் அறுத்து, கேள்விக்குறி போட்ட சின்னத்தைக் காட்டும். மேலே நிறுவிய 'எம்பிஸ்ட்ரிங்' பகுதியின் செயல்கூறுகளைப் பயன்படுத்தினால் அப்படி ஒரு எழுத்து பாதி பைட்டில் உடையாது. நீண்ட தமிழ்த் தலைப்பு ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள்.

துஆக்களுக்கு அரபி வாசகம் போடும்போது, அந்தப் பத்திக்கு வலமிருந்து இடம் என்ற திசையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் அடைப்புக்குறிகளும் வசன எண்களும் இடம் மாறி நிற்கும். ஸேர், ஸபர் குறிகள் சிறிய திரையில் ஒன்றோடொன்று மோதாமல் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். ஒரு குறி மாறினால் பொருள் மாறிவிடும் என்பதை நாம் அறிவோம். இதை ஓதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

கைபேசியில் பார்ப்பது

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணையுங்கள். லேப்டாப்பின் டெர்மினலில் 'ஹோஸ்ட்நேம்' என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் அடித்தால் 192.168 என்பதுபோல் தொடங்கும் ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கைபேசியின் உலாவியில் அடித்தால் சோதனைத் தளம் கைபேசியில் திறக்கும். திறக்காவிட்டால் லேப்டாப்பின் தீச்சுவர் 80-ஆம் வாயிலைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்தை வீட்டிலுள்ள வயதானவர்களிடம் கொடுத்து இன்றைய மஃரிப் நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் தளத்தில் திருத்தம் தேவை. ஒரே வைஃபையில் இருக்கும் பிறரும் இப்படிப் பார்க்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். பொது இடத்தில் வேலை செய்யும்போது அப்பாச்சியை நிறுத்தி வையுங்கள்.

தொழுகை நேரத்தைச் சோதிக்கும் முறை

ஊர் சரியாக இருந்தாலும் மூன்று இடங்களில் தவறு வரலாம்.

முதலாவது, நேர மண்டலம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே உள்ளது. பகலில் பார்த்தால் தேதி சரியாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை மட்டும் சர்வர் நேற்றைய தேதியில் இருக்கும். அதாவது, மக்கள் ஸஹர் நேரத்தைத் தேடும் அந்த வேளையில் மட்டும் நேற்றைய அட்டவணையைக் காட்டும். பிஎச்பி அமைப்பில் 'ஏஷியா/கொல்கத்தா' என்று குறிப்பிடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் அதன் பொது அமைப்பிலும் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

இதைச் சோதிக்க விடியற்காலை விழித்திருக்க வேண்டியதில்லை. சொந்த லேப்டாப் என்பதால் அதன் கடிகாரத்தையே மாற்றிவிடலாம். தானியங்கி நேர ஒழுங்கை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை அதிகாலை 4.30-க்கு வைத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாத முடிவு, ஆண்டு முடிவு, பிப்ரவரி 29 என்று எந்த நாளுக்கும் போய்ப் பார்க்கலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வரில் இதைச் செய்ய முடியாது. வீட்டுச் சர்வரின் பெரிய பயன் இதுவே.

இரண்டாவது, அஸ்ர் நேரம். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் அஸ்ர் தொடங்கும் நேரம் வேறு வேறு. செருகுநிரல் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார்த்து, உங்கள் பள்ளிவாசல் கால அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாள் என்று பன்னிரண்டு நாள்களை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, பிறை. கணினி கணக்கிட்டுத் தரும் ஹிஜ்ரி தேதியும் நம் ஊரில் பிறை பார்த்து அறிவிக்கப்படும் தேதியும் ஒரு நாள் வேறுபடலாம். எனவே ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ நிர்வாகிக்கு வசதி இருக்க வேண்டும். கடிகாரத்தை ஷஅபான் 29-ஆம் நாள் இரவுக்கு மாற்றி, அந்த வசதி சரியாக இயங்குகிறதா என்று பாருங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம் பிள்ளைகள் திறந்தால் அவர்கள் ஊர் நேரத்துக்கு மாறித் தெரியக்கூடாது என்பதையும், லேப்டாப்பின் நேர மண்டலத்தை மாற்றிச் சரிபார்க்கலாம்.

பெயர்ப் பட்டியல் ஓர் அமானிதம்

பைத்துல்மால் விண்ணப்பம், ஜகாத் பெறுவோர் பட்டியல், திருமணப் பதிவு, மதரஸா மாணவர் விவரம் ஆகியவற்றுக்கும் தளம் கட்டுகிறோம். சோதிக்கும்போது உண்மைப் பட்டியலையே ஏற்றிப் பார்க்க ஆசை வரும். அது வேண்டாம். கற்பனைப் பெயர்களையும் ஒரே இலக்கம் திரும்ப வரும் போலி எண்களையும் போட்டுச் சோதியுங்கள். சோதனைக் கணினியில் கடவுச்சொல் எளிதாக இருக்கும், பிள்ளைகளும் எடுப்பார்கள், பழுதுபார்க்கும் கடைக்கும் போகும். உதவி கேட்ட ஒரு விதவைப் பெண்ணின் பெயரும் தொகையும் அந்த வழியில் வெளியே போனால், திரும்ப எடுக்க முடியாது.

வாடகை சர்வரிலேயே 'டெஸ்ட்' என்று ஒரு கோப்புறை போட்டுச் சோதிப்பவர்களும் உண்டு. அதற்கு எங்காவது ஓர் இணைப்பு கிடைத்துவிட்டால் தேடுபொறிகள் அதையும் படித்துப் பட்டியலிட்டுவிடும். வெளியே வைத்துச் சோதித்தே ஆக வேண்டும் என்றால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க நாட்டில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிச் சொன்னவரின் விவரம் நம் பொறுப்பில் உள்ளது.

வெளியிடும் முன் சரிபார்ப்பு

• ஊர், நேர மண்டலம், மத்ஹப், பிறைத் திருத்தம் ஆகிய நான்கையும் இருவர் தனித்தனியே பார்த்தார்களா?
• பன்னிரண்டு மாத நேரங்களும் அச்சு அட்டவணையோடு ஒத்துப்போகின்றனவா?
• தமிழ், அரபி எழுத்துகள் பழைய கைபேசியிலும் சரியாகத் தெரிகின்றனவா?
• படங்களின் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்துக் குழப்பம் இல்லையே?
• போலிப் பெயர்கள் அனைத்தையும் நீக்கியாயிற்றா?
• சோதனைக் கடவுச்சொல்லை நேரலைத் தளத்தில் பயன்படுத்தவில்லையே?
• பிழைச் செய்திகளைத் திரையில் காட்டும் அமைப்பை நேரலையில் அணைத்தாயிற்றா?
• பழைய தளத்தின் நகல் ஒன்று பத்திரமாக இருக்கிறதா?

மேலும் கற்க விரும்புவோர் 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழைப் பாருங்கள். லினக்ஸ், மைசீக்வல், வேர்ட்பிரஸ் பற்றி எளிய தமிழில் எழுதிய மின்னூல்களை அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். ஆங்கிலம் தடுமாறும் மதரஸா மாணவர்களுக்கும் அவை புரியும்.

நம் மஹல்லாவில் இப்போது ஒரு பழைய விலையில்லா லேப்டாப்தான் சோதனைச் சர்வர். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் நிரல் வேலையைப் பார்க்கிறார், அச்சு அட்டவணையை வைத்துக்கொண்டு நாம் ஒப்பிடுகிறோம். ஷஅபான் மாதம் முழுவதும் ரமலான் பக்கம் அந்த லேப்டாப்பில் மட்டுமே ஓடும். அதன் பிறகுதான் வெளியே வரும். களா வைப்பதாகச் சொன்ன அந்தத் தாயாரிடமும் ஒவ்வோர் ஆண்டும் பக்கத்தைக் காட்டிக் கேட்கிறோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் பள்ளிவாசல் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரியாத்தான் இருக்கு ஹஜ்ரத்" என்று சொன்ன பிறகே வெளியிடுகிறோம்.

நம் சிறு முயற்சிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, நம் கவனக்குறைவால் பிறர் வணக்கத்துக்கு இடையூறு வராமல் காப்பானாக. ஆமீன்.